கேட்கக் கூடாது என்று நிறுத்திய கேள்வி

வாசகர் கடிதம்:

"எனக்கு 59 வயது. பொறையாறு அருகே வசிக்கிறோம். என் கணவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சபைச் சங்கத்திலும் பொறுப்பில் இருக்கிறார். நான்கு தலைமுறையாக லுத்தரன் சபையைச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. மூத்த மகனுக்கு 27 வயது. திருச்சியில் பொறியாளராக இருக்கிறான். கல்லூரிக் காலத்திலிருந்தே கடவுள் இல்லை என்று சொல்லிவந்தவன், கடந்த டிசம்பர் 24 அன்று பெரியார் நினைவு நாள் நிகழ்ச்சிக்குப் போய்விட்டுக் கறுப்புச் சட்டையோடு வீட்டுக்கு வந்தான். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அவன் அப்பா, 'தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்' என்ற சங்கீத வசனத்தை அவனைப் பார்த்தே வாசித்தார். அவன் பதிலுக்குப் பெரியார் சிலைப் பீடத்தில் எழுதியிருப்பதை, வணங்குகிறவன் காட்டுமிராண்டி என்பது வரை, ஒப்பித்தான். 'இனி இந்த வீட்டுப் படி ஏறாதே' என்றார் அவர். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு விடியற்காலை மணி அடித்தபோது அவன் பஸ் ஏறிவிட்டான். ஆறு மாதமாகிறது. என்னிடம் வாரம் ஒருமுறை பேசுகிறான். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். இவர் சொல்வதை அவனிடமும் அவன் சொல்வதை இவரிடமும் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சபையில் சாதி இல்லையா என்கிறான். சுனாமியன்று உங்கள் கடவுள் எங்கே போனார் என்கிறான். ஒன்றாம் வகுப்பில் அவனருகில் உட்கார்ந்திருந்த மீனவர் தெருப் பையன் அந்த அலையில் போய்விட்டான். அப்போது இவன் ஏதோ கேட்டான், அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, பாவம் என்று சொல்லிவிட்டேன். வரும் ஆவணியில் மகளுக்குத் திருமணம். அண்ணன் ஆலயத்துக்குள் வர வேண்டும் என்று அவள் அழுகிறாள். ஒரே வீட்டில் விசுவாசியும் நாத்திகனும் சண்டையில்லாமல் பேச முடியுமா?

இப்படிக்கு,
கெட்ட குமாரனுக்காகக் காத்திருக்கும் தாய்."

குடும்பநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். இந்த மாவட்டங்களில் அப்படிப் பேசிக்கொண்டு வாழ்கிற குடும்பங்களை 22 ஆண்டுகளாக நான் பார்த்துவருகிறேன். ஆனால் உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எங்கே தொடங்க வேண்டும் என்பது வேறு. நீங்களும் உங்கள் கணவரும் மகனும் அது கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதில் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் கடிதமோ வேறோர் இடத்தைக் காட்டுகிறது. அதற்கு வருமுன் உங்கள் கையொப்பத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமையில் வருகிற இளைய மகன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூர தேசத்தில் துன்மார்க்கமாய் அழித்தவன். உங்கள் மகன் மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன். அந்தப் பெயரை நீங்கள் அன்பினால்தான் சொல்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. அவன் காதில் அது, 'நீ கெட்டுப்போனவன், திரும்பி வரும்வரை உன்னோடு பேச எதுவும் இல்லை' என்றுதான் விழும். அவன் தன்னைப் பகுத்தறிவாளன் என்று சொல்லிக்கொண்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். நம் சபை வட்டாரங்களில் நாத்திகன் என்ற சொல் பெரும்பாலும் வசையாகத்தான் புழங்குகிறது. அதுபோலவே, உங்கள் விசுவாசத்தை மூடநம்பிக்கை என்று சொல்லாதே என்று அவனிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அன்றிரவு உங்கள் வீட்டுக் கூடத்தில் சொல்லப்பட்ட இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று, கடவுள் இல்லை என்பவனை மதிகேடன் என்கிறது. மற்றொன்று, கடவுளைக் கற்பித்தவனை முட்டாள் என்கிறது. தந்தையும் மகனும் ஒரே சொல்லைத்தான் ஒருவர் மேல் ஒருவர் எறிந்திருக்கிறார்கள், அதுவும் சொந்த வாயால் சொல்லத் துணியாமல், சங்கீதம் பாடிய தாவீதின் வாயாலும் பெரியாரின் வாயாலும். சங்கீதத்தில் அந்த இடத்தில் இருக்கிற 'நாபால்' என்னும் எபிரெயச் சொல், அறிவால் ஆராய்ந்து ஐயப்படுகிறவனைக் குறிப்பதைவிட, ஒழுக்கம் கெட்டுப் பிறரை ஒடுக்குகிறவனையே குறிக்கிறது என்று வேத விளக்க ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே சங்கீதத்தின் 4-ஆம் வசனம், ஜனத்தை அப்பத்தைப் பட்சிப்பதுபோலப் பட்சிக்கிற அக்கிரமக்காரரைப் பற்றிப் பேசுவதை உங்கள் கணவர் அறிவார். பீடத்து வாசகமோ 1967-இல் திருவாரூரை அடுத்த விடயபுரத்தில் பெரியார் சொன்னது. அது மனிதனை மனிதன் தீண்டாமல் வைத்திருந்த ஓர் அமைப்பை நோக்கி, தன் வாழ்நாள் முழுவதும் போராடிய ஒருவர் பொதுவெளியில் எழுப்பிய குரல். அதைக் கூடத்தில் பாய் விரித்து ஜெபத்துக்கு உட்கார்ந்திருக்கிற அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லும்போது, அது சமுதாய விமர்சனமாக இருப்பதில்லை. அப்பாவைத் திட்டுவதாகவே ஆகிவிடுகிறது. வசனமும் அப்படித்தான். இவ்விரு வாசகங்களையும் வீட்டுக்குள் ஒருவர் மேல் ஒருவர் பயன்படுத்துவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்வதே முதல் ஏற்பாடு.

இனி, உங்கள் கடிதத்தில் வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் இருக்கிற அந்த வரிக்கு வருகிறேன். அந்த மீனவர் தெருப் பையன். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில், உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள தரங்கம்பாடியும் அதற்குள்தான் இருந்தது, 6,000-க்கும் மேற்பட்டவர்கள் காலை நேரத்தில் சில நிமிடங்களில் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்கு விழா நாளில் வந்திருந்த யாத்திரிகர்களும் அதில் உண்டு. உங்கள் மகனுக்கு அப்போது ஆறு வயது. பள்ளி திறந்ததும் தன் பக்கத்து இடம் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பான். அந்த வாரங்களில் நம் ஆலயங்களில் என்ன சாட்சி சொல்லப்பட்டது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "ஆராதனையில் இருந்ததால் ஆண்டவர் எங்களைக் காத்தார்." உயிர் பிழைத்தவர்கள் நன்றியோடு சொன்ன சொல் அது, அதில் கபடம் இல்லை. ஆனால் அதைக் கேட்கிற ஆறு வயதுக் குழந்தைக்குள் எழக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அப்படியானால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை ஏன் காக்கவில்லை? உங்கள் மகன் என்ன கேட்டான் என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாக இதைத்தான் கேட்டிருப்பான் என்று நான் நினைக்கிறேன்.

வருத்தத்தோடு சொல்கிறேன், சகோதரி: அந்தக் கேள்வியை நிறுத்தியவர் உங்கள் கணவர் அல்லர், நீங்கள். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த நாட்களில் கடற்கரையோரம் எந்தத் தாய்க்கும் மனம் ஒரு நிலையில் இல்லை. ஒரு குழந்தையின் கேள்வி கடவுளைக் கோபப்படுத்திவிடுமோ என்று பயந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் பேசக் கூடாது என்று மூடிவைத்த கேள்வி அப்படியே இருந்துவிடுவதில்லை. அவன் வளர்ந்து, அந்தக் கேள்வியைக் கேட்க அனுமதிக்கிற மனிதர்களைக் கண்டடைந்திருக்கிறான். அவர்கள் கறுப்புச் சட்டை அணிந்திருந்தார்கள். அவன் கடவுள் மறுப்புக்கு இது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். படித்தும் சிந்தித்தும் அந்த முடிவுக்கு வருகிறவர்கள் உண்டு, அதைத் துக்கத்தின் விளைவு என்று சுருக்குவது அவனுக்குச் செய்கிற அவமரியாதை. ஆனாலும் உங்கள் குடும்பத்துக்குள் பேச்சு முறிந்த இடம் அது. எனவே அதை முதலில் எடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

அடுத்த முறை அவன் பேசும்போது, அப்பாவைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் எதுவும் சொல்லாமல், இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்: "சுனாமி சமயத்தில் உன் கூட்டாளியைப் பற்றி என்னிடம் ஏதோ கேட்டாயே, நான் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நான் செய்தது தப்பு. என்ன கேட்டாய் என்று இப்போது சொல்கிறாயா?" சொன்னால் பதில் தேடாதீர்கள். உங்களிடம் பதில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். ஒரு விசுவாசி, "எனக்கும் தெரியவில்லை, ஆனாலும் நான் ஜெபிக்கிறேன்" என்று சொல்வதால் விசுவாசம் குறைந்துவிடாது. வேதத்தில், பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள், அந்தப் புத்தகத்தின் முடிவில் கடவுளின் கோபமும் அந்த விளக்கங்களின் மேல்தான் வருகிறது. இதை உங்கள் கணவருக்கு நீங்கள் நினைவூட்டலாம். வேதம் தெரிந்தவருக்கு வேதத்திலிருந்து சொல்வதே மரியாதை.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. கோபக்காரர் என்ற சித்திரம் மட்டும் கிடைக்கிறது. என்னிடம் வருகிற இத்தகைய தந்தையரிடம் கோபத்துக்கு அடியில் இரண்டு பயங்களை நான் காண்கிறேன். ஒன்று, சபையில் தலைகுனிவு. மற்றொன்று அதைவிடப் பெரியது: நித்தியத்தில் நம் குடும்பத்தில் ஒருவர் குறைந்து நிற்போமோ என்பது. கடவுளை ஏற்காத பிள்ளைக்கு இது பூச்சாண்டியாகத் தோன்றும். ஆனால் அதை உண்மையென்று நம்புகிற தகப்பனுக்கு, தன் பிள்ளை ஆற்றில் இறங்குவதைக் கரையிலிருந்து பார்ப்பது போன்றது அது; கத்தாமல் என்ன செய்வார்? "உன்னை நினைத்து எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அவர் தம் சொந்த வாயால் சொல்லிவிட்டால், மதிகேடன் என்கிற வசனம் தேவைப்படாது.

எனக்கு இரண்டு வீடும் தெரியும் என்பதால்தான் இவ்வளவு துணிவாக எழுதுகிறேன். என் தந்தை கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் எந்தச் சடங்கும் நடந்ததில்லை, அவர் மறைந்தபோதும் படத்திறப்பு மட்டுமே. ஆனால் என்னைப் படிக்க வைத்தது கன்னியர் பள்ளி. அவர் கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது என் பழைய ஆசிரியையான ஒரு கன்னியாஸ்திரி பார்க்க வந்தார். கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து, கையில் இருந்த ஜெபமாலையைப் பைக்குள் வைத்துவிட்டு, "ஐயா, நான் தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே செய்யட்டுமா, மடத்துக்குப் போய்ச் செய்யட்டுமா?" என்று கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "மடத்திலேயே செய்யுங்கள் அம்மா. இங்கே இருக்கும்வரை என்னோடு பேசிக்கொண்டிருங்கள்" என்றார். அந்தக் கன்னியாஸ்திரி சரி என்று தலையசைத்துவிட்டு, தூக்கம் வருகிறதா, எந்த நேரத்தில் மனம் கனக்கிறது என்று விசாரித்தார். எங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்றை, அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்போது செத்துப்போன தம்பியின் நினைவாகவே இருக்கிறது என்பதை, அவரிடம் அப்பா சொன்னார். அவர் ஜெபத்தை விடவில்லை. இவர் கொள்கையை விடவில்லை. அனுமதி கேட்டார், மறுப்பை ஏற்றார், பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். இந்த மூன்றையும் நான் இன்றுவரை என் தொழிலில் கடைப்பிடிக்கிறேன்.

தந்தைக்கும் மகனுக்கும் இடையே நீங்கள் தூது போவதை இன்றோடு நிறுத்துங்கள். தூது வழியாகப் போகிற சொல்லில் குரல் இருப்பதில்லை. காரம் மட்டும் போய்ச் சேரும். "அதை நீயே அப்பாவிடம் சொல்" என்பதை இரு பக்கமும் சலிக்காமல் சொல்லிவாருங்கள். அவர்கள் நேரில் சந்திக்கிற நாள் பண்டிகை நாளாக இருக்க வேண்டாம், ஜெப நேரமாகவோ சாப்பாட்டு நேரமாகவோ இருக்கவும் வேண்டாம். ஆயரையோ இயக்கத் தோழர்களையோ நடுவராகக் கூப்பிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளட்டும், ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேசட்டும். நான் கற்பிக்கிற பயிற்சி எளியது, ஆனால் செய்வதற்குக் கடினமானது: மகன் சொன்னதைத் தந்தை தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும், "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று மகன் ஒப்புக்கொண்ட பிறகுதான் தந்தை தம் பதிலைச் சொல்லலாம். மகனுக்கும் அதே முறை. முதல் நாள் பெரும்பாலோர் பதில் கட்டத்துக்கே வருவதில்லை. அதுவே பெரிய நாள்.

இது உங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, சிறுவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தவர்; பிறகு 1712 தொடங்கித் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய மறுமொழிகளை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார். கிறிஸ்தவர்களின் நடத்தையைச் சாடிய மறுமொழிகளும் அவற்றில் உண்டு. மதம் மாற்றும் நோக்கத்தோடுதான் அவர் வந்தார். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் தம் சமயத்தாரைப் பற்றிய கண்டனத்தை மறைக்காமல் கடல் தாண்டி அனுப்பிவைக்க அவரால் முடிந்தது.

சபையில் சாதி பற்றி மகன் சொல்வதற்குத் தந்தை என்ன பதில் சொல்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மறுத்திருந்தால் அது தவறு. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையைக் கைவிட வேண்டும் என்று ஆணையிட்டபோது, தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினரே அதை எதிர்த்து நின்றார்கள். தனி இருக்கையும் தனிக் கல்லறையும் நம் பகுதிச் சபைகளின் வரலாற்றில் இருந்தவை. நம்பிக்கையற்றோர் உருவாவதில் நம்புகிறவர்களின் குறைகளுக்கும் பங்குண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபை தன் இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டில் 1965-இலேயே எழுதியது. "இதில் நீ சொல்வது சரி" என்று ஓர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் தம் மகனிடம் சொல்வதைப் போல அந்த வீட்டை மாற்றக்கூடியது வேறொன்றும் இருக்காது.

அடுத்து வருவது உங்கள் மகனுக்கு. அவனுக்கு இதை அனுப்பிவையுங்கள். தம்பி, உங்கள் கேள்விகள் நியாயமானவை. ஆனால் "சுனாமியன்று உங்கள் கடவுள் எங்கே போனார்" என்று அம்மாவிடம் கேட்பது, விடை தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வியா, அடிப்பதற்குக் கேட்கிற கேள்வியா என்று நீங்களே யோசியுங்கள். அன்று அவர்களும் தெரிந்தவர்களை இழந்தவர்கள்தான். நீங்கள் மதிக்கிற பெரியார், சைவ மடத் தலைவரான குன்றக்குடி அடிகளாரோடு ஒரே மேடையில் அமர்ந்தவர். 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, வாழ்நாள் முழுவதும் கொள்கையில் எதிர்த்த அந்தப் பக்திமானுக்காகக் கண்ணீர் விட்டு அழுதவர். ஜெப நேரத்தில் நீங்கள் கண் மூட வேண்டாம். எழுந்து வெளியே போகவும் வேண்டாம், போனைப் பார்க்கவும் வேண்டாம். அப்பாவின் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள், போதும்.

இனித் திருமணம். சகோதரி, மகனை ஆலயத்துக்கு வரச் சொல்லுங்கள்; வந்தபின் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குடும்பத்தாரோடு முன்வரிசையில் உட்காரட்டும். எல்லோரும் எழும்போது எழட்டும். அது அங்கிருக்கும் மனிதர்களுக்குச் செய்கிற மரியாதை. பாட வேண்டாம், முழங்கால் போட வேண்டாம். திருவிருந்து கொடுக்கப்பட்டால் எழுந்து போகாமல் தன் இடத்திலேயே இருக்கட்டும். நம்பாமல் போய்க் கை நீட்டுவதுதான் அவனுக்கும் சபைக்கும் அவமதிப்பு. வேதபாடம் வாசிக்கச் சொல்லி அவனைச் சங்கடப்படுத்தாதீர்கள். மண்டபத்தில் பந்தி விசாரிக்கிற பொறுப்பை முழுவதுமாக அவனிடம் ஒப்படையுங்கள். அண்ணன் இலைக்கு இலை நின்று கேட்கிற வீட்டில் அவன் என்ன நம்புகிறான் என்று யாரும் ஆராய மாட்டார்கள். ஆராய்ந்து கேட்கிறவர்களிடம், "அவன் எங்கள் பிள்ளை. மற்றதை அவனிடமே கேளுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, திருமணப் பதிவேட்டில் மணமக்களோடும் ஆயரோடும் இரண்டு நம்பத்தகுந்த சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். நம்பத்தகுந்தவர் என்றுதான் சட்டம் சொல்கிறது. விசுவாசி என்று சொல்லவில்லை. தங்கையின் திருமணத்துக்கு அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா என்று உங்கள் ஆயரிடம் முன்னதாகக் கேட்டுவிட வேண்டும், சபையின் வழக்கம் வேறாக இருந்தால் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயரிடம் நீங்கள் போய்க் கேட்காதீர்கள். உங்கள் கணவரைப் போகச் சொல்லுங்கள்.